"மருந்து எடுத்தீங்களா அக்கா?"

அந்தச் சூடு முதன்முதலாக வந்தபோது நான் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம், வெயில்கூட இன்னும் ஏறவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து திகுதிகுவென்று ஒரு அனல் கிளம்பி, கழுத்துக்கு ஏறி, காதைப் பொசுக்கி, முகம் முழுக்கப் பரவியது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் அதே உடம்பு குளிரில் நடுங்கியது. கிழங்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். யாராவது என்னை ஒளிந்து நின்று பார்க்கிறார்களா என்று. என் புத்தி அப்படி.

என் பெயர் பழனியம்மாள். ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அவருடைய தம்பி தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே வாசலில் இரண்டு வீடு, நடுவில் இடுப்பளவு வேலி. தம்பி மனைவி சரசு எனக்கு ஓரகத்தி.

சின்ன வயதிலிருந்தே நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். கடையில் நிறுத்து வாங்கிய பருப்பை வீட்டுக்கு வந்து கையில் தூக்கிப் பார்ப்பேன். கோழி முட்டை குறைந்தால் எல்லாரும் பாம்பைச் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டைச் சொல்வேன். "நீ போலீசுல இருக்க வேண்டியவ அம்மிணி, வழி தவறி இங்க வந்துட்டயாட்ட இருக்குது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இப்படிப்பட்ட ஒருத்தியையும் காளியம்மன் கைவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகள் முடியப்போகிற இந்த நேரத்தில் நான் உயிரோடு உட்கார்ந்து எழுதுவதே அவள் கொடுத்ததுதான்.

அந்த வருஷம் சித்திரையில் என் இடது மார்பில் கட்டி வந்தது. சேலத்தில் காட்டினோம். புற்று என்றார்கள். மார்பை எடுத்தார்கள். பிறகு மெட்ராசுக்குக் கூட்டிப்போய்க் கரண்ட் வைத்தார்கள், கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தோல் கருகி உரிந்தது. நான் அழுத அழுகையை எழுதினால் உங்களுக்கும் அழுகை வரும், அதனால் விட்டுவிடுகிறேன். எல்லாம் முடிந்து வந்த பிறகு சேலத்து டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பெண்கள் உடம்பில் சுரக்கிற ஒன்றுதான் இந்தக் கட்டிக்குத் தீனி. இந்த மாத்திரை அந்தத் தீனியைத் தடுக்கும். வருஷக்கணக்கில், ஒரு நாள் விடாமல் சாப்பிடணும்" என்றார். சரசுவும் அப்போது கூட நின்றுகொண்டிருந்தாள். அத்தனை சின்ன மாத்திரை இத்தனை பெரிய வேலையைச் செய்யுமா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். இருந்தாலும் சாப்பிட்டேன்.

சரசு மேட்டூர்க்காரி. அவளுடைய அப்பா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். அதனால் அவள் பேச்சில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். நாங்கள் மாத்திரையைப் போடுவோம், கஷாயத்தைக் குடிப்போம். அவள் மட்டும் மருந்தை 'எடுத்துக்கொள்வாள்'. தினமும் பொழுது சாயும் நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

"அக்கா, மருந்து எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று நானும் அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் மாடத்தில் விளக்கு வைப்பாள்.

மார்கழியில் ஆரம்பித்த சூடு தையில் இன்னும் கூடியது. சமைக்கும்போது, பேசும்போது, சும்மா இருக்கும்போது, நேரம் காலம் இல்லாமல் வந்தது. அம்மை போடப்போகிறதோ என்று வேப்பிலை சொருகிப் பார்த்தேன். ஒரு கொப்புளமும் வரவில்லை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிப் பிடித்தது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டுக்குத் தூரமாவது நின்றுபோனது. எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சரசு ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்க்கா, ரெண்டு மூணு மாசமா நீங்க வெளிய உக்காரலயே?"

எனக்குச் சுருக்கென்றது. என் உடம்பின் கணக்கை இவள் எதற்கு வைத்திருக்கிறாள்?

மாசியில் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. துணைக்கு எதிர்த் தோட்டத்துப் பாவாயக்கா வந்தாள். அன்றைக்குப் பார்த்து டாக்டர் வரவில்லை. கூட்டமோ நெட்டித் தள்ளியது. ஒரு நர்சம்மாவைப் பிடித்து நிறுத்தி, சூட்டையும் வேர்வையையும், மெல்லிய குரலில் அந்த மற்ற விஷயத்தையும் சொன்னேன். அவர் கையில் நாலைந்து சீட்டுகளை வைத்துக்கொண்டு, நடந்தபடியே சொன்னார்.

"எல்லாம் அந்த மருந்து பண்ற வேலைதாம்மா. பயப்படாதீங்க."

அவ்வளவுதான். போய்விட்டார். பாவாயக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"கேட்டயா அம்மிணி? நர்சம்மாவே சொல்லிப்போட்டா. மருந்து வேலை!"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருத்தர் காரணமில்லாமல் இளைத்தால், புத்தி மாறினால், சோறு இறங்காவிட்டால், 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்போம். வேண்டாதவர்கள் சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து கொடுத்து, அது வயிற்றில் தங்கி ஆளை உருக்கும் என்பது பேச்சு. அதை வயிற்றிலிருந்து வெளியே கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'மருந்து எடுப்பது'.

பஸ்ஸில் வரும்போது பாவாயக்கா என் காதோடு காதாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஆப்பரேசன் ஆகி வந்ததுல இருந்து உனக்கு ஆரு ஆக்கிப் போடறா?"

"சரசுதான்."

"நெதமும் வேலியோரத்துல நின்னு என்ன கேக்கறா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே சொன்னாள்.

"மருந்து எடுத்தயான்னு கேக்கறா. வெச்சவளுக்குத்தான அம்மிணி தெரியும், எடுக்கோணும்னு!"

மேட்டூர்ப் பேச்சு அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனசு அதைத் தள்ளிவிட்டது. எனக்கு இரண்டு பையன்கள். சரசுவுக்குக் குழந்தை இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும் என்று தோன்றியது. பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் எனக்கு ஒழுங்காகப் பொருந்திவிட்டது. சந்தேகத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதைக் கொண்டுவந்து வைத்தாலும் இடம் கொடுக்கும்.

அன்றிலிருந்து சரசு கொண்டுவந்த கொள்ளு ரசத்தையும் கீரைக் கடைசலையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் நாய்க்கு ஊற்றினேன். நாய்க்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்தேன். நாய் கொழுத்ததுதான் மிச்சம். மனுஷருக்கு வைக்கிற மருந்து நாயை என்ன செய்யும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அவள் வேலியருகில் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். "அக்கா, மருந்து எடுத்தீங்களா?" என்ற குரல் மட்டும் உள்ளே வரும். பதில் சொல்லமாட்டேன்.

அப்புறம் இன்னொன்றைக் கவனித்தேன். ஊரெல்லாம் விளக்கு வைத்த பிறகும் சரசு வீட்டு மாடம் இருட்டாகவே கிடந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். அவள் புருஷன் சத்தம் போடுவதுகூட எனக்குக் கேட்டது. "ஏம்புள்ள, வெளக்கு வெக்கறதுக்கு என்ன கேடு?" அவள் என்ன சொன்னாளோ தெரியாது. பாவாயக்காவிடம் சொன்னேன். அவள் கண்ணை உருட்டினாள்.

"வெளக்கு வெக்காத ஊட்டுல என்ன பூசை நடக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே வேலிப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆனாலும் நான் அம்மனைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, ஈரச் சேலையோடு எங்கள் காளியம்மன் கோயிலுக்குப் போனேன், பூ கேட்க. பூசாரி அம்மனுடைய இரண்டு தோளிலும் பூவை ஒட்டி வைப்பார். நாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் செய் என்று உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

"மனசுல இருக்கறத அப்படியே கேளுங்க சாமி" என்றார் பூசாரி.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "தாயே, நான் மருந்து எடுக்கட்டுமா?"

கண்ணைத் திறப்பதற்குள் வலப்பக்கத்துப் பூ விழுந்து பீடத்தில் கிடந்தது. இத்தனை சுருக்காக அவள் யாருக்கும் உத்தரவு கொடுத்ததில்லை என்று பூசாரியே ஆச்சரியப்பட்டார். நான் விழுந்து கும்பிட்டேன். அழுகையாக வந்தது.

மறுவாரம் பாவாயக்கா என்னை அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கே மருந்து எடுக்கிற ஒரு அம்மாள் இருந்தாள். ஏதோ கசப்புச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தாள். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு சட்டியில் கையை விட்டு, முடி சுற்றிய ஒரு சின்ன உருண்டையை எடுத்துக் காட்டினாள்.

"பாத்தியா? வயித்துல ஒட்டிக்கிட்டிருந்தது வந்துடுச்சு. சொந்தத்துல வெச்ச மருந்து இது. இனிமே இங்கிலீஷ் மாத்திரைய கையால தொடாதே. ரெண்டும் சேர்ந்தா ஆளையே எடுத்துடும்."

அந்த உருண்டையைப் பார்த்தேன். அது காய்ந்திருந்தது. இத்தனை வாந்திக்குள்ளிருந்து வந்தது எப்படி நனையாமல் இருக்கும்? கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அம்மனே உத்தரவு கொடுத்த பிறகு நாம் என்ன கேட்பது என்று அதை விழுங்கிவிட்டேன். என் ஆயுளில் சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் நான் சந்தேகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளை மஞ்சள் பானைக்குள் போட்டு மூடினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், சூடு குறைந்தது. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோது என் உடம்பு குளிர்ந்தது. கால் இழுப்பு போனது. வைகாசியில் மறுபடி தூரமானேன். பாவாயக்கா தொடையைத் தட்டிச் சிரித்தாள். "இப்பவாச்சும் நம்பறயா?" நம்பினேன். இனி எனக்கு அத்தாட்சியே கிடைத்துவிட்டது. சரசுவின் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தினேன். வீட்டுக்காரர் லாரியிலிருந்து இறங்கி வந்து, "ஏனம்மிணி, அந்தப் புள்ள மொகம் செத்துப்போய்க் கெடக்குது, என்னாச்சு?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாது" என்று முடித்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் குளிக்கும்போது இடது அக்குளில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. கொள்ளுப் பயிறு அளவில் ஒன்று, உருட்டினால் நழுவியது.

தண்ணீர் என் தலையிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் அப்படியே நின்றேன். மறுபடி கத்தியா? மறுபடி கரண்டா? இந்தத் தடவை அறுக்க என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது? என் பையன்கள் இரண்டு பேரும் வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் போய்விட்டால் இவர்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்று நினைத்தேன். உடனே சரசு ஞாபகம் வந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று ஆடி வெள்ளி. ஈரத்தலையோடு கோயிலுக்கு ஓடினேன். உச்சிப்பொழுது, யாரும் இல்லை. அம்மன் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டே சண்டை போட்டேன். நீதானே எடுக்கச் சொன்னாய்? நான் எடுத்தேனே! எடுத்த பிறகும் ஏன் இப்படி? நீயும் என்னை ஏமாற்றுகிறாயா? அன்றைக்கு என் சந்தேகம் அம்மன் வரைக்கும் போய்விட்டது. "எனக்குப் புரியுற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு தாயே. அது போதும்" என்று தரையில் தலையை வைத்து அழுதேன்.

பின்னால் கொலுசுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் சரசு. இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடம், அதன்மேல் வேப்பிலை. கிட்டே வர பயந்து தூணருகிலேயே நின்றாள். என் அழுகையைப் பார்த்து அவள் கண்ணிலும் தண்ணீர். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அக்கா... தெனமும் மருந்து எடுக்கறீங்கதானே?"

தினமும்.

அந்த ஒரு சொல் என்னைப் பிடித்து உலுக்கியது. வைத்த மருந்தை யாராவது தினமும் எடுப்பார்களா? ஒரு தடவை எடுத்தால் தீர்ந்தது. தினமும் எடுக்கிற மருந்து ஒன்றுதான் உண்டு. அது என் மஞ்சள் பானைக்குள் கிடக்கிறது. நர்சம்மா சொன்ன மருந்தும் அதுதான். சூட்டைக் கிளப்பியதும் அதுதான். அதை விட்டேன், சூடு நின்றது. அதைத்தான் நான் அத்தாட்சி என்று கொண்டாடினேன்! அம்மன் என்னிடம் மருந்து எடு என்றுதான் சொன்னாள். எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை. அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

"இல்ல சரசு. பங்குனியில இருந்து எடுக்கல" என்றேன்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ற ஊட்டுல ஏன் வெளக்கு வெக்கறதில்ல?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்பவே அம்மனுக்கு நேந்துக்கிட்டனுங்க்கா. அக்கா மருந்து எடுத்தாச்சுன்னு வாயால சொன்ன பொறவுதான் எங்க ஊட்டு மாடத்துல வெளக்குன்னு. நீங்கதான் சொல்றதையே நிறுத்திட்டீங்களே."

"அதை என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நேந்துக்கிட்டத வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு எங்கம்மா சொல்லும்."

மாசியிலிருந்து ஆடி வரைக்கும் அவள் வீட்டு மாடம் இருட்டாகக் கிடந்தது எனக்காக. அந்த இருட்டில்தான் எனக்குச் சூனியம் நடக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டேன். அம்மன் மேல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றினோம்.

மறுநாள் காலையில் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனது சரசுதான். டாக்டர் இருந்தார். மாத்திரையை நிறுத்தியது தெரிந்ததும் திட்டித் தீர்த்துவிட்டார். பிறகு அக்குளை அழுத்திப் பார்த்து, ஊசி போட்டு அந்தக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் தூங்கிய தூக்கம் தூக்கமில்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பைத் தவிர வேறு சத்தம் இல்லை. முடிவு வந்தது. புற்று இல்லை, ஆப்பரேஷன் தழும்பை ஒட்டி வந்த சாதாரணக் கழலை என்றார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே காளியம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அந்த நர்சம்மாவையும் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். "நான் மாத்திரையத்தாம்மா சொன்னேன்" என்றார். பிறகு டாக்டர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அந்தச் சுரப்பைத் தடுப்பதால்தான் சூடு வருகிறது, தூரம் நிற்கிறது, கால் இழுக்கிறது. பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தூரம் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, கண் மங்கினாலோ உடனே வர வேண்டும். எதுவானாலும் நீயாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, வந்து கேட்க வேண்டும் என்றார். இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அவர்மேலும் கொஞ்சம் கோபம்தான்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்த சில வாரத்தில் சூடும் திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டு, "வேலை நடக்குது தாயே, நடக்கட்டும்" என்றேன். சில சமயம் அழுகையும் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பாவாயக்கா இப்போதும் வருவாள், இப்போதும் காதோடு காதாகப் பேசுவாள். அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுவிட்டு, யாரைப் பற்றிச் சொன்னாளோ அவர்களிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். பருப்பை இன்னும் கையில் தூக்கிப் பார்க்கத்தான் செய்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட முடியுமா?

அம்மனைக் கும்பிடுகிற என் உடன்பிறப்புகளே, உங்களுக்கும் என்னைப்போல் ஒரு இருட்டு வரலாம். அவளிடம் போங்கள். சண்டை போடவேண்டும் என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள், அவள் தாங்குவாள். ஆனால் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பதில் பூவாகத்தான் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தினமும் ஒரே கேள்வியைக் கேட்டு உங்களுக்கு எரிச்சல் மூட்டுகிற ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரலாம்.

வருஷங்கள் ஓடிவிட்டன. டாக்டர் மாத்திரையை இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கிறது.

"அக்கா, மருந்து எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு சரசு. நீ போய் வெளக்கு வை."